உதடு அசையக் கூடாது

அத்தியாயம் 17

லிஃப்ட்காரர் இரண்டு வாய்ப்புகளைத் தின்று தீர்த்துவிட்டார் என்பது போன வாரமே உங்களுக்குத் தெரியும். கருவியக்காவுக்குத்தான் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிவரை தெரியாது. புருஷன் செய்த காரியம் பெண்டாட்டிக்குக் கடைசியாகத் தெரிவது உலகத்தில் புதிதா என்ன? இந்த வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்காக நாலு வரி. கருவியக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கி அனுப்புகிற அறை அவளுடையது. பத்தொன்பது வருஷம். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் கருவியக்கா.

மூன்று மாதத்துக்கு முன் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை ஒட்டியது. ஆன்லைனில் எட்டுப் பாடங்கள். பாடத்துக்கு ஒரு சின்ன வினாடி வினா. கடைசியில் நாற்பது கேள்வி, ஐம்பது நிமிஷம், கேமரா முன்னால் உட்கார்ந்து ஒரு பரீட்சை. முப்பத்திரண்டு சரியாக வந்தால் சான்றிதழ். அது இல்லாதவர்கள் சனிக்கிழமை காலையிலிருந்து அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது, படுக்கை விரிப்பு மடிக்கிற பகுதிக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். பரீட்சைக்கு மொத்தம் மூன்று வாய்ப்பு.

எட்டுப் பாடத்தையும் அவள் போனில் படித்து முடித்தாள். பஸ்ஸில் படித்தாள், சாதம் வேகும்போது படித்தாள், மருந்துத் தண்ணீரில் ஊறித் தடித்துப்போன விரலைத் திரை கண்டுகொள்ளாதபோது மூக்கு நுனியால்கூடத் தள்ளிப் பார்த்தாள். சிரிக்காதீர்கள், அது வேலை செய்தது.

இனி லிஃப்ட்காரருக்கு வருவோம். அவள் புருஷன். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் முதல் நாள் போய்ப் பெட்டியைத் திறப்பார். உள்ளே எந்த ஒயர் எங்கே போகிறது என்று நோட்டில் வரைந்துகொள்வார். ஒன்றையும் தொடாமல் மூடிவிட்டு வந்துவிடுவார். மறுநாள்தான் கை வைப்பார். முதல் தடவை பார்க்க, அடுத்த தடவை செய்ய. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கை பட்டு ஒரு லிஃப்ட் கெட்டதில்லை.

அதே பழக்கத்தில், போன ஞாயிறு மனைவி டியூட்டிக்குப் போன பிறகு மகளின் லேப்டாப்பில் பரீட்சையைத் திறந்தார். ‘தொடங்கு’ என்று இருந்ததை அமுக்கினார். விதிமுறைகள் ஆறு பக்கம் வந்தன. எந்தப் பட்டன் எந்த மூலையில் இருக்கிறது என்று படம் வரைந்துகொண்டார். ஏழாவது பக்கம் முகத்தைக் காட்டச் சொன்னது. எழுதப்போகிறவள் அவள், நம் முகம் எதற்கு என்று நியாயமாக மூடிவிட்டார். திங்கட்கிழமை வரைபடத்தில் ஒரு பட்டன் விட்டுப்போனதாகத் தோன்ற, மறுபடி திறந்து, மறுபடி வரைந்து, மறுபடி மூடினார். ‘தொடங்கு’ என்பதை அமுக்கினாலே ஒரு வாய்ப்பு போய்விடும் என்பது முதல் பக்கத்திலேயே இருந்தது. அந்த வரியையும் அழகாக நோட்டில் எழுதித்தான் வைத்திருந்தார். எழுதினாரே தவிர, தனக்குத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்கு உறைக்கவில்லை.

மகள் கண்டுபிடித்தாள். நீங்களே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று அப்பாவுக்குக் கெடு வைத்தாள். அவர் நாலு நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளி காலை ஏழு மணிக்குக் கருவியக்கா சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள். பதினொரு மணிக்குப் பரீட்சை, அதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தாள். திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் மீதமுள்ள வாய்ப்பு ஒன்று என்றிருந்தது.

எண்ணுவதே தொழிலாக இருப்பவள் கண்ணிலிருந்து அது தப்புமா? அவள் கத்தவில்லை. எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் அறையில் அதுதான் முறை. ஒரு கத்தரிக்கோல் குறைந்தாலும் சரி, ஒரு ஊசி குறைந்தாலும் சரி, எண்ணிக்கை சரியாகிறவரை ஒருவரும் வாசலைத் தாண்ட முடியாது.

“மூணு இருந்துச்சு, இப்ப ஒண்ணு இருக்கு. ரெண்டு எங்கன்னு தெரியாம இந்த ரூமை விட்டு யாரும் போகப்போறதில்ல” என்றாள்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்ட்காரர் திருதிருவென்று முழித்தார். மகள் அடுப்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அப்பாவை மட்டும் பார்க்கவில்லை. அப்புறம் அவர் அலமாரி மேலிருந்த நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். திரை, பட்டன்கள், அம்புக்குறிகள். நீல மையில் ஒரு படம், சிவப்பு மையில் திருத்தம்.

கருவியக்கா பக்கங்களைப் புரட்டினாள். முதலில் கோபம்தான் வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இந்த மனுஷன் என் சோற்றில் கை வைத்துவிட்டாரே என்று நெஞ்சு கொதித்தது. ஆனால் ஒவ்வொரு பட்டனுக்குப் பக்கத்திலும் ‘இதை அவசரத்தில் அமுக்கிவிடாதே’, ‘இங்கே பொறுமை’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது கண்ணும் கலங்கிற்று. இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷி என்ன செய்வாள்? நோட்டை மூடினாள்.

“சரி. எண்ணிக்கை சரியாயிடுச்சு” என்று தாழ்ப்பாளைத் திறந்தாள். “ஒண்ணு போதும். ஆபரேஷன் தியேட்டர்ல மூணு தடவையா வாய்ப்பு தர்றாங்க?”

லிஃப்ட்காரருக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அடுத்த இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் யாரும் சொல்லாமலே துவைத்த துணியெல்லாம் மடிந்தது, பாத்திரமெல்லாம் பளபளத்தது.

*

இப்போது மகள். இருபத்தாறு வயது. அவள் வேலையே இதுதான். ஆன்லைனில் பரீட்சை எழுதுகிறவர்களைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். கண் ஓரமாகப் போனால், வாய் அசைந்தால், பின்னால் யாராவது நடந்தால் அந்த வீடியோத் துண்டை வெட்டி எடுத்து, சந்தேகம் என்று கொடி கட்டி அனுப்பும். அதைப் பார்த்து ஏற்பதா நிராகரிப்பதா என்று சொல்வதற்கு ஒரு கம்பெனி. அதில் அவள் பார்வையாளர். ஆஸ்பத்திரி வைக்கும் பரீட்சைக்கும் அவர்கள் கம்பெனிதான் காவல்.

அதனால்தான் அவளுக்குப் பயம். ஏனென்றால் அம்மாவுக்கு உதடு அசையும்.

கருவிகள் வைக்கும் அறையில் மனசுக்குள் எண்ணுவது எண்ணிக்கையே இல்லை. ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டே வாய்விட்டு எண்ண வேண்டும், மற்றவர் கேட்டு எழுத வேண்டும். பத்தொன்பது வருஷம் அப்படி எண்ணியதில், வாய் திறந்தால்தான் அவளுக்கு யோசனையே ஓடும். கடிதம் படித்தாலும் அசையும், பஸ் நம்பர் பார்த்தாலும் அசையும். வேலை நேரம் முழுக்க முகத்தில் மாஸ்க் இருந்ததால் இது யார் கண்ணிலும் பட்டதில்லை, அவளுக்கே தெரியாது. போன வாரம் மகள் சொல்லித்தான் தெரிந்தது.

மாஸ்க் போட்டுக்கொண்டே எழுதிவிட்டால் என்ன என்று லிஃப்ட்காரர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். முகம் முழுசாகத் தெரியாவிட்டால் பரீட்சையே திறக்காது என்று மகள் சொன்னதும், தன் யோசனைகளுக்கு இனி இந்த வீட்டில் மதிப்பில்லை என்று புரிந்துகொண்டார்.

ஒன்பது மணிக்கு மகள் மாதிரித் தேர்வு ஒன்றைத் திறந்து கொடுத்து எதிரில் உட்கார்ந்தாள். உதட்டை மூடிக்கொண்டு அம்மா எழுதியதில் நாற்பதுக்கு இருபத்தைந்து. மூக்கு வேர்த்துவிட்டது. இன்னொரு மாதிரித் தேர்வை, போகட்டும் என்று, வாயைத் திறந்து முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். முப்பத்தேழு.

இரண்டு மதிப்பெண்களையும் மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

மகள் பிடிவாதமாக இருந்தாள். வாய் அசைகிற பதிவுகளைத் தினமும் நூறு பார்க்கிறேன், பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், நிராகரித்தால் கதை முடிந்தது என்று படித்துப் படித்துச் சொன்னாள். மூடிக்கொண்டு எழுதினால் நிதானமாக எழுத வேண்டும், அவ்வளவுதான், இருபத்தைந்தை முப்பத்திரண்டு ஆக்கிவிடலாம் என்றாள். ஏழு கேள்வி என்பது சும்மாவா? அதை அவளும் அறிவாள், இருந்தாலும் சொன்னாள்.

கருவியக்கா சரி என்று தலையாட்டினாள். முகம் கழுவி, தலை வாரி, ஆஸ்பத்திரிக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

*

பத்து ஐம்பதுக்கு லேப்டாப்பைத் தூக்கி அறையின் நாலு சுவரையும், மேஜைக்கு அடியையும் கேமராவுக்குக் காட்டினாள். அப்பாவும் மகளும் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். லிஃப்ட்காரர் அழைப்பு மணியின் ஒயரை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார். அந்த ஒரு வேலையை யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் எட்டுக் கேள்விகளை உதட்டை இறுக்கிக்கொண்டு எழுதினாள். ஒவ்வொன்றையும் நாலு தடவை படிக்க வேண்டியிருந்தது. படித்த வரி கண்ணுக்குள் போயிற்று, அதற்கு மேல் போகவில்லை. எட்டு முடிவதற்குள் பதினாறு நிமிஷம் ஓடிவிட்டது.

ஒன்பதாவது கேள்வியில் ஒரு படம். ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்த தட்டு. பட்டியலில் இருபத்துமூன்று கருவிகள், தட்டில் எத்தனை, எது குறைகிறது என்று கேட்டிருந்தார்கள். அவள் கண்ணால் எண்ணினாள். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினாள். இருபத்தொன்று. மூன்றாவது தடவை இருபத்திரண்டுதான் என்றாலும், எது இல்லை என்று பிடிபடவில்லை.

கருவித் தட்டு முன்னால் அவளுக்கு எண்ணிக்கை தவறியது இதுதான் முதல் தடவை. பரீட்சையில் தோற்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு தட்டை எண்ணத் தெரியாதவளாக உட்கார்ந்திருப்பதைத் தாங்க முடியவில்லை.

நான் இப்படி எண்ணுகிறவள் இல்லையே என்று நினைத்தாள். இப்படி எண்ணி ஒரு தட்டை ஒப்படைத்தால் நானே என்னை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்ப மாட்டேனா? பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், கொடி கட்டுகிறவர்கள் கட்டட்டும்.

வாயைத் திறந்தாள்.

“நேர் கத்தரி ஒண்ணு, ரெண்டு. வளைஞ்ச கத்தரி ஒண்ணு. கிளாம்ப் ஒண்ணு, ரெண்டு, மூணு…”

ரத்தக் குழாயைக் கவ்வுகிற வளைந்த கிளாம்ப் ஒன்று குறைகிறது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கேள்வியை வாய்விட்டுப் படித்தாள், பதிலை வாய்விட்டுத் தேடினாள். ஈரமாக வந்த பொட்டலத்தைக் காயவைத்துக் கொடுக்கலாமா? கூடாது, முதலிலிருந்து செய். மூட்டு வைத்த கருவியை மூடி வேகவைக்கலாமா? கூடாது, திறந்து வை. முப்பத்தொன்றாவது கேள்வி, பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப்பைப் பற்றியது. டேப்பில் கோடு கறுத்துவிட்டால் உள்ளே இருக்கும் கருவி கிருமி நீங்கியது என்று அர்த்தமா, சரியா தவறா?

மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘சரி’ என்றிருப்பாள். பத்தொன்பது வருஷம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தட்டை அனுப்பினாள். பொட்டலம் சூட்டுக்குள் போய் வந்தது என்பதை மட்டும்தான் டேப் சொல்லும், கிருமி செத்ததா என்று அதற்குத் தெரியாது என்று நான்காம் பாடத்தில் படித்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே போய் உள்ளே வைக்கிற சோதனைக் கீற்றையும் பார்க்காமல் எதையும் அனுப்ப மாட்டேன் என்று நின்றாள். இந்தப் பரீட்சை அவளுக்கு வெறும் வேலைப் பிரச்சினை இல்லாமல் போனது அன்றைக்குத்தான். தெரிந்துகொண்டவள் உள்ளே இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

‘தவறு’ என்று அமுக்கினாள்.

நாற்பதையும் முடித்தபோது இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. சமர்ப்பித்தாள். மதிப்பெண் முப்பத்தாறு என்று வந்தது. அதற்குக் கீழே, பதிவு மறுஆய்வில் உள்ளது, முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, மாலை ஆறு மணிக்குள் அறிவிக்கப்படும் என்று வந்தது.

உள்ளே ஓடிவந்த மகள் முதல் வரியைப் பார்த்துச் சிரித்தாள், இரண்டாவது வரியைப் பார்த்ததும் அவளுக்கு முகம் செத்துப்போயிற்று.

“வாயைத் திறந்தியாம்மா?”

“திறந்தேன்.”

நாற்பது தடவை சொன்னேனே என்று மகள் பொரிந்து தள்ளினாள். கையில் கிடைத்ததைக் காலால் எட்டி உதைத்தாயே என்றாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கருவியக்கா, லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

“வாயை மூடிக்கிட்டு எழுதினது யாரோடி? எனக்கு அவளைத் தெரியல. அவ எட்டு எழுதினா. மீதிய நான் எழுதினேன்.”

சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு இரண்டு மணி டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். அந்த அறைக்குள் போக இன்று ஒரு நாள் அவளுக்கு உரிமை இருந்தது, அதை எதற்கு விட வேண்டும்?

*

ஆபீஸுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மகள் கணக்குப் போட்டாள். எந்த மொழியில் பரீட்சை எழுதுகிறார்களோ அந்த மொழி தெரிந்த பார்வையாளருக்குத்தான் பதிவு போகும். இன்று மதியம் இந்த மொழிக்கு இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி அடுத்த நாற்காலித் தோழி. ஆக, பாதிக்குப் பாதி.

வாசகர்கள் சிலர் கடிதம் எழுதுவீர்கள், அதெப்படி சரியாக அவளிடமே வரும் என்று. இரண்டு பேரில் ஒருத்திக்கு வராமல் வானத்துக்கா போகும்?

மூன்றேகால் மணிக்கு அது அவளிடமே வந்தது. திரை நிறைய அம்மாவின் முகம். நெற்றி சுருங்கி, கண் படத்திலேயே குத்திட்டு, உதடு விடாமல் அசைந்துகொண்டிருந்தது. கொடி கட்டிய துண்டுகள் இருபத்தொன்பது. கீழே மூன்று பட்டன்கள். ஏற்கிறேன், நிராகரிக்கிறேன், இவரை எனக்குத் தெரியும்.

மூன்றாவதை அமுக்கினால் பதிவு அவள் கையை விட்டுப் போய்விடும். போகிற இடம் தலைமைப் பார்வையாளர். அவருக்கு ஆபீஸில் வடிகட்டி என்று பெயர். சந்தேகம் என்று ஒரு துளி வந்தால் போதும், தூக்கிப் போட்டுவிடுவார். அவரிடம் போய் மீண்டு வந்த பதிவுகளை விரல் விட்டு எண்ணலாம்.

முதலாவதை அமுக்கினால் அம்மா நாளைக் காலை ஏழு மணிக்கு அந்த அறைக்குள் இருப்பாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. அதில் பொய்கூட இல்லை. அம்மா காப்பி அடிக்கவில்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

ஒரு பதிவுக்கு நாற்பது விநாடி என்பது அங்கே கணக்கு. அதற்குள் சத்தத்தைப் போட்டுக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது, வாய் அசைந்தால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அவளும் அப்படித்தான் போயிருக்கிறாள். அன்று ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கத்தரி ஒண்ணு, ரெண்டு என்று அம்மாவின் குரல். இடையில் ஒரு தடவை தடுமாறி, மூச்சு வாங்கி, தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அவசரப்படாத. உள்ள ஒரு உயிர் படுத்திருக்கு.” மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

மகள் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். பத்தொன்பது வருஷமாக அம்மா மாஸ்க்குக்குள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளா? வீட்டில் யாருக்கும் தெரியாதே. இதுவரை தான் சத்தத்தைக் கேட்காமல் தள்ளிவிட்ட முகங்களெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து அவளைக் கூசவைத்தன.

விரல் முதல் பட்டன் மேல் போயிற்று. அங்கேயே நின்றது.

காலையில் நோட்டை மேஜையில் வைத்தபோது அப்பாவுக்கு இருந்த முகம் நினைவுக்கு வந்தது. அவரும் ஆசையாகத்தான் கை வைத்தார். அம்மாவின் பரீட்சையில் அம்மாவைத் தவிர மற்ற எல்லாரும் கை வைக்கிறோம் என்று தோன்றியபோது அவளுக்கு அப்பா மேல் இருந்த கோபம் போய், தன் மேல் வந்தது. நாளைக்கு யாராவது தோண்டினால், பார்வையாளர் மகள் என்று தெரிந்தால், எழுதிய முப்பத்தாறும் திருட்டாகிவிடும். அதற்கு அம்மா எப்படி வாதாடுவாள்?

மூன்றாவது பட்டனை அமுக்கினாள். உறவு என்ற கட்டத்தில் ‘அம்மா’ என்று அடித்தாள். குறிப்பு என்று கீழே ஒரு கட்டம் இருந்தது, அதைப் பதிவு பார்க்கிற அந்த ஹாலில் யாரும் நிரப்பியதில்லை. ‘ஆபரேஷன் கருவிகளை வாய்விட்டு எண்ணுவது இவருடைய வேலை விதி. சத்தத்துடன் கேட்கவும்’ என்று எழுதி அனுப்பினாள்.

இரண்டு நிமிஷத்தில் வடிகட்டி அவளைக் கூப்பிட்டார். அவர் காதில் ஹெட்ஃபோன் இருந்தது, அதுவே அதிசயம். ஒரு இடத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டார்.

“அவசரப்படாதன்னு யாருகிட்ட சொல்றாங்க?” என்று கேட்டார்.

“அவங்களுக்கே சொல்லிக்கிறாங்க சார்.”

“ரூம்ல வேற ஆள் இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவரே பதிவை ஆரம்பத்துக்குத் தள்ளினார். துண்டுகளை அல்ல, நாற்பத்தெட்டு நிமிஷத்தையும் ஓடவிட ஆரம்பித்தார். நீ வெளியே இரு என்று கையைக் காட்டினார்.

*

தாழ்வாரத்தில், வேலை நேரத்தில் போனைப் போட்டுப் பூட்டுகிற தன் பெட்டியிலிருந்து போனை எடுத்து மகள் அம்மாவுக்குப் போட்டாள். மூன்று தடவை மணி அடித்த பிறகு அம்மா எடுத்தாள். பின்னால் நீராவி சீறுகிற சத்தம் கேட்டது. நடந்ததை மகள் ஒரே மூச்சில் சொன்னாள். உன் பதிவு என்னிடம்தான் வந்தது, நான் ஏற்கவில்லை, தெரிந்தவர் என்று எழுதி மேலே அனுப்பிவிட்டேன், அவர் அநேகமாகத் தள்ளிவிடுவார், என்னை மன்னித்துவிடு என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.



“நீயே அமுக்கியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?” என்று அம்மா கேட்டாள்.

“தெரிஞ்சிருக்காதும்மா.”

“அப்ப நாளைக்கு இந்த ரூமுக்குள்ள வர்றது நானா, நீ அனுப்பி வெச்ச ஆளான்னு எனக்கே தெரியாமப் போயிருக்கும். அழாதே. நீ பண்ணினதுதான் சரி.”

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வடிகட்டி ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து நிற்பது தெரிந்தது. நாற்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருக்க வழியில்லை, ஐந்துகூட ஆகவில்லை. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒற்றை விரலை மடக்கி, உள்ளே வா என்றார்.

“கூப்பிடறாரும்மா.”

“போ. அவருக்குச் சந்தேகம் இருந்தா இங்க வரச் சொல்லு. எந்தத் தட்டை வேணும்னாலும் அவரே எடுத்து வைக்கட்டும், நான் எண்ணிக் காட்டறேன். வாயைத் திறந்துதான் எண்ணுவேன்னு சொல்லு.”

அந்த ஹாலுக்குள் போன் கொண்டுபோனால் வேலை போய்விடும். மகளுக்கு அது நன்றாகவே தெரியும். சேர்ந்த முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதி.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“லைன்லயே இரும்மா. நீயே சொல்லு” என்றாள். போனைக் கையில் பிடித்தபடி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.